புல்வெளியில் கூட்டம், புதருக்குள் தனிமை

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரிலிருந்து மைசூரு வழியாக ஊட்டிக்குப் போனவர்கள், பந்திப்பூர்க் காட்டின் சாலையோரப் புல்லில் புள்ளிமான்கள் கூட்டமாக மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். இருபது ஆண்டுகளாக அந்தக் காட்டுக்குப் போய்வருகிற எனக்கு, முதல் நாளில் எழுந்த கேள்வி இன்னும் அடங்கவில்லை: மான்கள் கூடி வாழ்வது அவற்றின் குணத்தாலா, அவை நிற்கும் இடத்தாலா?

ஒரு மாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை ஓய்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வனத்துறை விடுதியின் படியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை மணியளவில், எதிரே புதர் விளிம்பில் ஒரு பெண் மான் தலையை நீட்டியது. அதன் இடது காது நுனியில் கிழிந்திருந்தது. முன்காலைத் தூக்கித் தரையில் ஒருமுறை தட்டியது. சற்று நின்று, பிறகு தனியாகவே வெளியே வந்தது. அடுத்து ஒரு தாயும் குட்டியும், வேறு பக்கத்திலிருந்து ஐந்து, அதன் பின் கொம்பில் இன்னும் தோல் உரியாத ஆண்கள் இரண்டு. இருட்டுவதற்குள் நாற்பதுக்கு மேல் எண்ணினேன். புலியும் செந்நாயும் நெருங்கத் தயங்குகிற மனிதக் குடியிருப்பின் அருகே, அந்தத் திறந்த புல்வெளியிலேயே அவை இரவைக் கழித்தன. விடிந்ததும் புதருக்குத் திரும்பியபோது, வந்த குழுக்களாக அவை திரும்பவில்லை என்பதுதான் என்னை வியக்க வைத்தது. தனியாக வந்த காது கிழிந்த மான் வேறு மூன்றுடன் சேர்ந்து போயிற்று. ஐந்தாக வந்தவை இரண்டாகப் பிரிந்தன. தாயும் குட்டியும் மட்டும் பிரியவே இல்லை.

ஆகவே, மந்தை என்று நாம் சொல்வது நிலையான குடும்பம் அன்று. திறந்த வெளியில் புல் பரவலாகக் கிடைப்பதால் பல வாய்கள் அருகருகே மேயலாம். பல கண்கள் காவல் காப்பதால் ஒவ்வொன்றுக்கும் ஆபத்தின் பங்கு குறைகிறது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத புதருக்குள், கூட்டம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சேர்ந்திருக்கவே முடியாது. அடர்காட்டை விரும்பும் கடமான் பெரும்பாலும் ஒன்றிரண்டாகத் திரிவதும், கேளையாடு என்ற சிறு மான் தனித்தே வாழ்வதும் இதனால்தான். மனிதர்களிடமும் இதைப் பார்க்கலாம். பெங்களூரின் அல்சூரில் ஒரே குழாயடியைப் பகிர்ந்துகொண்ட வரிசை வீடுகளில் இருந்தவரை எல்லார் வீட்டுச் செய்தியும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அடுக்குமாடிக்குக் குடிபோன பிறகு, எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியவே ஓராண்டு ஆயிற்று. மனிதர்கள் மாறவில்லை, இடம் மாறியது.

இனத்துக்கு இனம் குணம் வேறுபடும் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். ஐரோப்பாவில் ரோ மான் என்று ஓர் இனம் உண்டு. காட்டுக்குள் தனித்தோ சிறு குடும்பமாகவோ வாழும் அதே இனம், போலந்து போன்ற நாடுகளின் பரந்த வயல்வெளிகளில் குளிர்காலத்தில் பத்து, இருபது, அதற்கும் மேலாகத் திரள்கிறது. அதே இனம்தான் என்பதை மீண்டும் சொல்கிறேன், நிலம்தான் வேறு. பந்திப்பூரில் உண்ணிச்செடி மண்டி, அடியிலுள்ள புல்லை அழித்துவருவதைக் காணும்போது, மேய்ச்சல் மட்டுமல்ல, மான்கள் ஒன்றையொன்று சந்திக்கும் களமும் சுருங்குகிறதே என்ற கவலை எனக்கு ஏற்படுகிறது.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். விரிவாகச் சொல்ல வைத்திருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் ரம் தீவில், 1970களின் தொடக்கத்திலிருந்து செம்மான்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பின்தொடர்ந்து வருகிறார்கள். அங்கே பெண் மான்கள் முதுமையடையும்போது அவற்றின் நடமாட்ட எல்லை சுருங்குகிறது. கூட்டம் குறைந்த, மேய்ச்சல் தரம் தாழ்ந்த இடங்களுக்கு அவை ஒதுங்குகின்றன. அதனாலும் அவற்றின் துணைகள் குறைகின்றன என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. காது கிழிந்த அந்தப் பெண் மானை நான் கடைசியாகக் கண்டதும் புல்வெளியின் நடுவில் அன்று. உண்ணிச்செடி மண்டிய ஓரத்தில், தனியாக. வணக்கம்.