ரஷ்ய வெள்ளிக் கரண்டி அசலா, போலியா? இந்தப் பெண் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று பாருங்கள்!

வணக்கம். திரையில் இருக்கும் ஆறு தேக்கரண்டிகளைப் பாருங்கள். நீலமும் வெள்ளையுமாக எனாமல் பூக்கள், சுற்றிலும் முறுக்கிய வெள்ளிக் கம்பி, மேலே பொன்முலாம். பின்பக்கம் ரஷ்ய எழுத்தில் 'ஃபபெர்ஜே', அதாவது ரஷ்ய அரச குடும்பத்துக்கு நகை செய்த புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர். பெயரைப் பார்த்ததும் பணத்தை எடுத்துவிடாதீர்கள்! போலி செய்கிறவர்களுக்கு மிகப் பிடித்த பெயரே அதுதான்.

பக்கத்தில் இருக்கும் குட்டி முத்திரைக்கு வாருங்கள். கோகோஷ்னிக் என்ற ரஷ்யத் தலை அலங்காரத்தோடு ஒரு பெண்ணின் முகம். 1899 முதல் 1908 வரை அவள் இடப்பக்கம் பார்ப்பாள்; கூடவே தரம் பார்த்த அதிகாரியின் பெயர் முதலெழுத்துகள் இருக்கும். 1908க்கு அப்புறம் வலப்பக்கம் திரும்பிவிட்டாள். முதலெழுத்துகளுக்குப் பதில் ஊரைச் சொல்லும் கிரேக்க எழுத்து வந்தது: ஆல்ஃபா என்றால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், டெல்டா என்றால் மாஸ்கோ. ஆண்டைப் போடும் வழக்கம் இதற்கு முந்தைய முத்திரைகளில்தான். அதனால் இந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் 1887 என்று இருந்தால் கரண்டியை அப்படியே கீழே வைத்துவிடுங்கள். அந்த வருடம் இந்த முத்திரையே பிறக்கவில்லை.

சரி, முத்திரையில் அந்தப் பெண்ணோடு இருக்கும் 84 என்ற எண்? அது சதவீதம் இல்லை. ஸோலோத்னிக் என்பது பழைய ரஷ்ய எடை அளவு. ஒரு ரஷ்யப் பவுண்டு எடைக்கு 96 ஸோலோத்னிக். அதில் 84 சுத்த வெள்ளி. ஆயிரத்துக்கு 875. சிலவற்றில் 88 இருக்கும். கணக்குப் போட்டால் ஆயிரத்துக்கு 916 வரும். ஆமாம், நம் நகைக்கடையில் தங்கத்துக்குப் பார்க்கிற அதே 916! எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

இப்போது வீடியோவை நிறுத்திவிட்டு ஆறு முத்திரைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று கமெண்ட்டில் எழுதுங்கள்.

பார்த்தீர்களா? ஆறிலும் ஒரே சாய்வு, ஒரே இடத்தில் ஒரே கீறல். அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டும் கை ஆறு முறையும் ஒரே மாதிரி விழாது. ஒன்று கொஞ்சம் சாயும், ஒன்று ஆழமாக இறங்கும். இவை ஓர் அசல் கரண்டியிலிருந்து அச்செடுத்து வார்த்தவை. முத்திரையும் சேர்ந்தே வார்ப்பாகிவிட்டது. லென்ஸில் பார்த்தால் ஓரங்கள் மழுங்கி, உள்ளே பொடிப்பொடியாகப் பள்ளம் தெரியும். தட்டிய முத்திரைக்கு ஓரம் கூராக நிற்கும்.

எனாமல் என்பது கம்பிக்கு நடுவே கண்ணாடித் தூளை நிரப்பி உலையில் உருக்குவது. ஓவ்சின்னிக்கோவ், ரூக்கெர்ட் போன்ற மாஸ்கோ பட்டறைகளின் வேலையில் கம்பி எனாமலைவிடச் சற்று மேலே தூக்கி நிற்கும்; விரல் நுனியில் உணரலாம்.

கடைசியாக, கண்டுபிடிக்கவே கஷ்டமான ஒன்று. கரண்டி அசல், முத்திரை அசல். எனாமல் மட்டும் பின்னால் ஏற்றியது. முத்திரை தேறிவிடும். அதனால் தேய்மானத்தைப் பாருங்கள். நூறு வருடம் துடைத்துத் துடைத்து முத்திரை மங்கிக் கிடக்கும். அதே கரண்டியில் கம்பியின் முறுக்கு நேற்றுச் செய்ததுபோல் விரலில் குத்தும்.