சின்னக் கைகளுக்கு எட்டும் ஸ்பீக்கர்: வீட்டு ஒலிச் சாதனங்களையும் பிள்ளையையும் காப்பது எப்படி?

(காட்சி: கொழும்புத் தொடர்மாடி வீடொன்றின் ஹோல். சுவரோரம் இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவே தட்டில் அம்ப்ளிஃபயர். தரையிலிருந்து ஓர் அளவுநாடா மேலே நீள்கிறது.)

கதிரையில் அமர்ந்து பாட்டுக் கேட்கும் ஒருவரின் காது தரையிலிருந்து ஏறத்தாழ 90 முதல் 100 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். உயர் சுருதி ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காதுக்கு நேரே இருந்தால்தான் அந்த ஒலிகள் குறையாமல் வந்து சேரும் என்பதால், தரையில் நிற்கும் ஸ்பீக்கர்களிலும் தாங்கியின் மேல் வைக்கும் சிறிய ஸ்பீக்கர்களிலும் ட்வீட்டர் அந்த உயரத்தை அண்டியே அமைகிறது. எழுந்து நடக்கத் தொடங்கிய ஒரு வயதுப் பிள்ளையின் உயரம் 75 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். கையை உயர்த்தி எக்கினால் அதன் விரல்கள் எட்டுவதும் அதே 90 சென்ரிமீற்றரைத்தான்.

இந்தச் சிக்கலுக்குப் பலர் முதலில் செய்வது துணியால் போர்த்திவிடுவது. அதனால் பெரிய பயன் இல்லை, ஏனெனில் போர்த்திய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவல் பிள்ளைக்கு இன்னும் கூடுகிறது. திருகினால் சத்தம் கூடும் குமிழும், அழுத்தினால் எரியும் நீல விளக்கும், தொட்டால் அதிரும் ஸ்பீக்கரின் கூம்பும் பிள்ளையின் ஒவ்வொரு தொடுகைக்கும் பதில் தருகின்றன. அந்தப் பதில் கிடைக்கும்வரை அது திரும்பத் திரும்ப அங்கேயே வரும். ஆகவே சாதனம் அசையாமல் இருக்க வேண்டும், தொட்டாலும் எதுவும் நிகழாமல் இருக்க வேண்டும் என்ற இரண்டையும் மனதில் வைத்தே இனிவரும் ஏற்பாடுகளைப் பார்ப்போம்.

(காட்சி: ஸ்பீக்கரின் பின்புறம். மேல் விளிம்பிலிருந்து சுவருக்குச் செல்லும் நைலோன் பட்டி.)

எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கவனிக்க வேண்டியது பாரம். ஒடுங்கிய அடியும் ஒரு மீற்றர் உயரமும் 20 கிலோகிராம் நிறையும் கொண்ட ஸ்பீக்கரை ஒரு பிள்ளையால் தூக்க முடியாது என்பது உண்மைதான், ஆனால் அதன் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழ முயலும்போது அதைத் தன் மேலேயே சாய்த்துவிட அதனால் முடியும். பல ஸ்பீக்கர்களுடன் வரும் கூரான உலோக முளைகள் கம்பளத்தைத் துளைத்து ஊன்றி நிற்பதற்கானவை. எங்கள் வீடுகளின் வழுவழுப்பான டைல் தரையில் அவை வழுக்கவே செய்யும். அவற்றைக் கழற்றிவிட்டு ரப்பர் பாதங்களைப் பொருத்துவதும், நிறுவனம் அகன்ற அடித்தாங்கிகளைத் தந்திருந்தால் தவறாமல் மாட்டுவதும், மேல் விளிம்பிலிருந்து சுவருக்கு ஒரு நைலோன் பட்டியை இழுத்துக் கட்டுவதும் அவசியம். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லையென்றால், சுவரில் ஏற்கெனவே இறுக்கியிருக்கும் பாரமான அலுமாரியில் பட்டியைக் கட்டலாம். அதுவும் முடியாத வீட்டில், பிள்ளை வளரும்வரை அந்த ஸ்பீக்கரைப் பூட்டிய அறையில் வைப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

தாங்கியின் மேல் நிற்கும் சிறிய ஸ்பீக்கர் இன்னும் எளிதில் விழும், ஏனெனில் பாரம் முழுவதும் உச்சியில் இருக்கிறது. தாங்கியின் கால் உள்ளே வெறுமையான உலோகக் குழாயாக இருந்தால், கழுவி நன்றாகக் காயவைத்த ஆற்று மணலால் அதை நிரப்பலாம். பாரம் கீழே இறங்கும், குழாயின் அதிர்வும் அடங்கும். மணல்தானே என்று வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து அள்ளிவர வேண்டாம். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, குழாயை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்துவிடும். தாங்கியின் தட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில், சுவரில் படம் ஒட்டப் பயன்படும் பிசையக்கூடிய ஒட்டுப்பசையை நான்கு மூலைகளிலும் சிறு உருண்டைகளாக வைத்து அழுத்தினால், தள்ளினாலும் ஸ்பீக்கர் இலகுவில் நகராது.

(காட்சி: அம்ப்ளிஃபயரின் முன்பக்கம். சிறு கை ஒன்று வொலியூம் குமிழை நோக்கி நீள்கிறது.)

அம்ப்ளிஃபயரைக் கதவுள்ள அலுமாரிக்குள் வைத்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் அறையின் வெப்பநிலை பெரும்பாலும் 30 பாகையை அண்டியிருக்கும் கொழும்பில், கண்ணாடிக் கதவால் அடைத்த அலுமாரிக்குள் ஓர் அம்ப்ளிஃபயர் ஓரிரு மணித்தியாலம் இயங்கினால், அதன் வெப்பம் வெளியேற வழியின்றி, உள்ளேயுள்ள மின்தேக்கிகளின் ஆயுள் குறையும். இதற்கு எங்கள் நாட்டுத் தச்சர்களிடம் ஏற்கெனவே நல்ல விடை இருக்கிறது: கதிரைகளில் பின்னப்படும் அதே பிரம்புப் பின்னலைக் கதவுச் சட்டத்தில் இறுக்கினால், காற்று போய்வரும், பிள்ளையின் விரல் நுழையாது, ரிமோட்டின் கதிரும் பெரும்பாலும் துளைகளூடாகச் சென்றுவிடும். பின்னல் வேண்டாமென்றால் பழைய சோனகத் தெருவின் வன்பொருட் கடைகளில் துளையிட்ட உலோகத் தகடு கிடைக்கும். எதைப் போட்டாலும் அலுமாரியின் பின்பலகையில் ஓர் அகலமான துளையும், சாதனத்துக்கு மேலே ஒரு சாண் இடைவெளியும் இருக்க வேண்டும். வால்வு அம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் இதில் தயங்கவே கூடாது, ஏனெனில் அதன் கண்ணாடிக் குழாய்கள் தொட்ட மாத்திரத்தில் தோலைச் சுடும். அதன் உலோகக் கூண்டு அழகைக் கெடுக்கிறது என்று கழற்றி வைத்திருந்தால் இன்றே மாட்டுங்கள்.

வொலியூம் குமிழைப் பிள்ளை முழுவதும் திருகிவிட்டால் ஏற்படும் சேதம் வெறும் சத்தத்தோடு நிற்பதில்லை. அம்ப்ளிஃபயர் தன் வலுவுக்கு மீறி இயங்கும்போது ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகி, உயர் அதிர்வெண்களில் ஆற்றல் அளவுக்கு மிஞ்சுகிறது. அது முழுவதும் ட்வீட்டரின் முடியளவு மெல்லிய கம்பிச்சுருளுக்குப் போய் அதை எரித்துவிடுகிறது. வானொலியும் அம்ப்ளிஃபயரும் ஒன்றாய் அமைந்த புதிய ரிசீவர்கள் பலவற்றில் உச்ச ஒலியளவைக் கட்டுப்படுத்தும் வசதி அமைப்புப் பட்டியலிலேயே இருக்கிறது. பழைய செட்களில் அப்படி எதுவும் இல்லை. பாட்டு முடிந்ததும் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பி, எதுவும் இணைக்கப்படாத உள்ளீட்டுக்கு மாற்றி, சுவரிலேயே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். பிள்ளை திருகிப் பார்க்கும், எதுவும் நிகழாது.

(காட்சி: சுவரில் பிளக் பொயிண்ட். ஒரு பேனாவின் முனை மேல் துளையை நெருங்குகிறது.)

அடுத்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தட்டையான மூன்று கால்களைக் கொண்ட 13 ஆம்பியர் பிளக் பொயிண்ட்டின் கீழ்த் துளைகள் இரண்டும் உள்ளே சிறு தடுப்புகளால் மூடியிருக்கும். நீளமான நிலத்தொடுப்புக் கால் மேல் துளைக்குள் போனால்தான் தடுப்பு விலகும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இரு கால் பிளக்கைச் செருகுவதற்காக, மேல் துளையைப் பேனாவால் குத்தித் தடுப்பைத் திறப்பது பல வீடுகளில் சாதாரண வழக்கம். பெரியவர் இதைச் செய்வதை அருகிலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு, மின்சாரத்துக்குள் செல்லும் வழியை நாமே கற்றுக்கொடுக்கிறோம். பெரும்பாலான சிறிய ஒலிச் சாதனங்களின் மின்கம்பியைப் பின்னாலிருந்து கழற்ற முடியும் என்பதால், எட்டு வடிவ முனையும் 13 ஆம்பியர் பிளக்கும் கொண்ட கம்பி ஒன்றை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி மாற்றிவிட்டால் பேனாவுக்கு வேலையே இல்லை. துளைகளில் சொருகும் பிளாஸ்ரிக் மூடிகளை 13 ஆம்பியர் பொயிண்ட்டுக்கு வாங்காதீர்கள். அவற்றின் மேல் கால் தடுப்பைத் திறந்துவிடக்கூடும் என்பதால், இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2016 இல் அவற்றைப் பயன்படுத்தக் கூடாதென்று அறிவித்தது.

பழைய வீடுகளில் இன்னும் இருக்கும் வட்டத் துளைப் பொயிண்ட்கள் பலவற்றில் தடுப்பே கிடையாது. அவற்றின் 5 ஆம்பியர் வகைத் துளைக்குள் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள கால் போகும். ஸ்பீக்கர் கம்பியின் நுனியிலுள்ள பனானா பிளக் 4 மில்லிமீற்றர். அம்ப்ளிஃபயரிலிருந்து பிள்ளை இழுத்தெடுத்த பனானா பிளக் அந்தத் துளைக்குள் நுழைந்தால், பிள்ளையின் கையிலிருக்கும் உலோகத்தில் 230 வோல்ற் பாயும். பொயிண்ட்டைத் தடுப்புள்ளதாக மாற்றச் சொல்லி மின் தொழினுட்பவியலாளர் ஒருவரை அழையுங்கள், அவர் வரும்போது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

(காட்சி: சவுண்ட்பாரின் மெல்லிய ரிமோட். அருகில் நாணயம் போன்ற பற்றரி.)

மெல்லிய ரிமோட்களில் இருக்கும் 20 மில்லிமீற்றர் லிதியம் பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கக்கூடும். சிக்கிய இடத்தில் மின்னோட்டம் காரத்தை உண்டாக்கி, இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை ஏற்படுத்தும். பற்றரி மூடியில் திருகாணி இல்லாத ரிமோட்டை உறுதியான நாடாவால் சுற்றி ஒட்டி, உயரத்தில் வையுங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும்: வாந்தி எடுக்க வைக்காமல், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தோ நேரடியாகவோ பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஒரு வயதைத் தாண்டி, விழுங்கக்கூடிய நிலையிலுள்ள பிள்ளைக்கு, வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுப்பது புண்ணைக் குறைக்கும் என்று மருத்துவ வழிகாட்டல்கள் கூறுகின்றன; தேன் தேடிப் பயணத்தைத் தாமதிக்க வேண்டாம், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் கொடுக்கவும் வேண்டாம்.

(காட்சி: ட்வீட்டர் அண்மையில். உள்ளே அமிழ்ந்த சிறு குவிமாடம்.)

இத்தனைக்குப் பிறகும் ஒரு விரல் ட்வீட்டரின் குவிமாடத்தை உள்ளே அமிழ்த்திவிடலாம். பட்டுத் துணியாலான குவிமாடம் என்றால், ஒட்டுநாடாவின் ஒட்டும் பக்கத்தை மெதுவாக வைத்து இழுத்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும், ஒலியிலும் கேட்கக்கூடிய மாற்றம் இராது. வக்கியூம் கிளீனரால் உறிஞ்சி எடுக்கும் உபாயத்தைப் பலர் செய்துகாட்டுகிறார்கள். இழுவை சற்றுக் கூடினாலும் கம்பிச்சுருள் அறுந்துவிடும் என்பதால் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. அலுமினியக் குவிமாடத்தில் விழுந்த மடிப்பு முழுமையாக நிமிராது. ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் உள்ள மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு மாற்று ட்வீட்டரை விசாரியுங்கள், அது வந்து சேரும்வரை மற்ற ஸ்பீக்கருக்கு உலோகக் கிரில்லைப் போட்டுவிடுங்கள், ஏனெனில் ஸ்பீக்கருடன் வரும் துணி கிரில் தூசியைத் தடுக்குமே தவிர, விரலைத் தடுக்காது.