பாதியில் நிறுத்தும் பாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ஹார்ட்கோர் என்கிற ராக் இசை வகையைச் சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது காதைக் கிழிக்கும் சத்தமும் மேடைக்கு முன்னால் நடக்கும் தள்ளுமுள்ளும்தான். இன்று நான் பேசப்போகும் ஃபுகாசி என்கிற அமெரிக்க ராக் குழுவிடம் சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் எனக்குப் பிடித்ததே, அவர்கள் பாதியில் நிறுத்துகிற பழக்கம்தான்.

அவர்களுடைய 'வெயிட்டிங் ரூம்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் கிட்டார் மட்டும் தனியாக ஆரம்பிக்கும். டிரம்ஸ் சேரும், கிட்டார் சேரும், சூடு பிடிக்கும். சட்டென்று எல்லாம் நின்றுவிடும். ரேடியோ கெட்டுப்போனதோ என்று கை குமிழை நோக்கிப் போவதற்குள் மறுபடி அடித்துக்கொண்டு கிளம்பும்.

வாஷிங்டனில் 1987 செப்டம்பர் 3 அன்று நடந்த முதல் கச்சேரியில் இயன் மெக்காய், ஜோ லாலி, பிரெண்டன் கான்ட்டி என்று மூன்றே பேர். கை பிச்சியோட்டோ அப்புறம்தான் சேர்ந்தார். மெக்காய் அதற்கு முன் மைனர் த்ரெட் என்ற ஹார்ட்கோர் குழுவில் பாடியவர். அந்தக் கச்சேரிகளின் முரட்டுத்தனத்தை அருகிலிருந்து பார்த்து அலுத்தவர். புதுக் குழுவில் நுழைவுச்சீட்டு பெரும்பாலும் 5 டாலர்தான், எந்த வயதினரும் வரலாம், டி-ஷர்ட் விற்பனை கிடையாது.

கூட்டத்தில் ஒருவன் அடுத்தவர் தலைமேல் விழுந்து ஆடுகிறான் என்று வையுங்கள். பாட்டு அங்கேயே நிற்கும். மெக்காய் அவனைப் பார்த்து மிக மரியாதையாகப் பேசுவார். கேட்கவில்லையென்றால் 5 டாலரை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். சிலருக்கு இது வாத்தியார்த்தனமாகப் பட்டது. எனக்கும் சில ஒலிப்பதிவுகளில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஓரத்தில் ஒதுங்கி நின்ற சின்னப் பெண் முன்வரிசைக்கு வர முடிந்தது என்றால், அதற்கு அந்த வாத்தியார்த்தனமும் ஒரு காரணம். இவர்களுடைய அரசியல், கோஷங்களைவிட இதில்தான் கெட்டியாக இருந்தது.

கோஷத்துக்கான நேரமும் வந்தது. 1991 ஜனவரி 12, கடுங்குளிர். வளைகுடாப் போரை எதிர்த்து வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லாஃபயெட் பூங்காவில் வாசித்தார்கள். சில நாட்களில் போர் தொடங்கிவிட்டது.

சரி, இசைக்கு வருவோம். மேடையில் இன்ன பாட்டுக்குப் பிறகு இன்ன பாட்டு என்று பட்டியல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் ஒரு மெட்டைத் தொட்டால் மற்ற மூவரும் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்படி ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் கூர்ந்து கேட்டதால்தான் இசை இளகியது என்பது என் கணிப்பு. 1990-இல் வந்த 'ரிப்பீட்டர்' ஆல்பத்தில் இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று அறுக்கும். 1995-இன் 'ரெட் மெடிசின்' ஆல்பத்தில் வேடிக்கையும் குழப்பமும் புகுந்தன. 2001-இல் வந்த 'தி ஆர்க்யூமென்ட்' ஆல்பத்தில் செல்லோ என்கிற தந்தி வாத்தியமும் வந்துவிட்டது. கோபம் குறையவில்லை, ஆனால் மெல்லப் பேசுகிறது. 'வெயிட்டிங் ரூம்' பாட்டில் நொடிக்கணக்கில் இருந்த மௌனம் இங்கே ஆல்பம் முழுக்கப் பரவிக்கிடக்கிறது.

2002 நவம்பர் 4, லண்டன் கச்சேரியோடு குழுவும் நின்றது. கலைந்துவிட்டோம் என்று சொல்லவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளில் 800-க்கும் மேல் ஒலிப்பதிவாக இருக்கின்றன. 2011 முதல் அவற்றை இணையத்தில் வெளியிட்டு வருகிறார்கள், ஒன்றுக்கு அவர்கள் சொல்லும் விலை அதே 5 டாலர். பாட்டு நின்றபோது கூட்டத்தோடு நடந்த வாக்குவாதங்களையும் அவற்றில் கேட்கலாம்.