ஆடு மாற்றிக் கொடுத்த கிருமி: சவுண்டல் நஞ்சும் ரேமண்ட் ஜோன்ஸின் ஆய்வும்

அவையோருக்கு வணக்கம்.

சவுண்டல், சூபாபுல் என்று நாம் சொல்லும் மரத்தின் தழையில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் உண்டு. அதே தழையில் மிமோசின் என்ற நச்சு அமினோ அமிலமும் இருக்கிறது. உலர் எடையில் ஏறத்தாழ 2 முதல் 6 சதவீதம். கொழுந்தில் இன்னும் கூடுதல். குதிரை தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். அசைபோடும் கால்நடையில் கதை வேறு. பெருவயிறு என்னும் முதல் இரைப்பைக்குள் மிமோசின் கிருமிகளால் உடைந்து டி.ஹெச்.பி. என்ற பொருளாகிறது. உடைப்பு அத்தோடு நின்றுவிட்டால்தான் வினை. டி.ஹெச்.பி. தைராய்டு சுரப்பியில் அயோடின் பிணைவதைத் தடுக்கும். கழுத்தில் கழலை, வாயில் எச்சில் ஒழுகல், தீனி குறைவு, எடை ஏறாமை எல்லாம் இதன் விளைவு. தடை பிணைப்பில் இருப்பதால் அயோடின் உப்பைக் கூட்டிக் கொடுப்பதில் பெரிய பயன் இல்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மாடுகள் இப்படி நலிந்தபோது, ஹவாயில் ஆடுகள் இதே தழையைத் தின்று நலமாக இருந்தன. சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் 1981இல் வெளியிட்ட கட்டுரை, அந்த வேறுபாட்டுக்குக் காரணம் பெருவயிற்றில் இருக்கிறதா என்று தலைப்பிலேயே கேட்டது. மரத்தையோ மண்ணையோ குறை சொல்லாமல், விலங்கின் வயிற்றையும் சிறுநீரையும் பார்த்தார் பாருங்கள், அதுதான் அவருடைய திறமை. 1984இல் லவ்ரியுடன் எழுதிய கட்டுரையில், இந்தோனேசிய ஆட்டின் பெருவயிற்று நீரைப் பெற்ற ஆஸ்திரேலிய ஆடுகள் டி.ஹெச்.பி.யைச் சிதைக்கத் தொடங்கியதைக் காட்டினார். 1986இல் மெகாரிட்டியுடன் சேர்ந்து, ஹவாய் ஆட்டின் கிருமிகளை ஆஸ்திரேலியக் கால்நடைக்கு மாற்றி வெற்றி கண்டதை வெளியிட்டார். அந்தக் கிருமிக்கு 1992இல் சினர்ஜிஸ்டிஸ் ஜோன்ஸியை என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

வேறு விலங்கின் கிருமி பொதுவாக நிலைப்பதில்லை; இந்த மாற்று மட்டும் ஏன் நிலைத்தது? 2010இல் வைமர் குழுவினர் கறவை மாடுகளுக்கிடையே பெருவயிற்றுச் சரக்கில் 95 சதவீதத்துக்கு மேல் இடம் மாற்றிப் போட்டார்கள். அமிலநிலை ஒரே நாளில் அந்தந்த மாட்டின் பழைய அளவுக்குத் திரும்பியது; நுண்ணுயிர்க் கூட்டமும் பழையபடி ஆக முயன்றது. ஏற்கெனவே குடியிருப்பவர்கள் நிறைந்த வீட்டில் விருந்தாளிக்குப் பாய் கிடைக்காது. ஜோன்ஸின் கிருமியோ மாவுச்சத்தைத் தொடுவதில்லை. சில அமினோ அமிலங்களையும், பெரும்பாலும் வேறு எவரும் சீந்தாத டி.ஹெச்.பி.யையும் தின்று பிழைக்கிறது. பந்தியில் போட்டியில்லாத இலை அது. அதனால்தான் குயின்ஸ்லாந்தில், மாடுகள் ஒரு வாரத்துக்கு மேல் சவுண்டல் மேய்ந்த பிறகே கிருமிக் கரைசலைப் புகட்டச் சொல்கிறார்கள். மாட்டுக்கு 100 மில்லி. பத்துக்கு ஒரு மாடு போதும், மந்தைக்குள் தானே பரவும். தழை தின்னாத மாட்டுக்குப் புகட்டினால் கிருமியைப் பட்டினி போட்டதாகத்தான் அர்த்தம்.

தீனி எடுக்காமல் கிடக்கும் மாட்டுக்குப் பெருவயிற்று நீர் மாற்றும் மருத்துவர்களுக்கும் இது பொருந்தும். கொடுக்கும் மாடு நோயற்றதாக, அதே வகைத் தீவனம் தின்பதாக இருக்கட்டும். வாய்வழியே பெருவயிற்றுக்குள் விட்ட குழாயில் முதலில் வரும் நீரில் எச்சில் கலந்திருக்கும், கொட்டிவிடுங்கள். நல்ல நீரின் பி.ஹெச்., அதாவது அமிலநிலை, 6க்கும் 7க்கும் இடையில் இருக்கும். துணியில் வடிகட்டி, பிளாஸ்க்கில் காற்றுக்கு இடமின்றி விளிம்புவரை நிரப்பி, 39 டிகிரி சூட்டில் உடனே கொடுக்க வேண்டும். ஆறினாலும் காற்றுப் பட்டாலும் கிருமி சாகும். மாட்டுக்கு 8 முதல் 16 லிட்டர் நல்லது, 3 லிட்டருக்குக் குறையக் கூடாது. ஆட்டுக்கு 1 லிட்டர். குழாய் மூச்சுக்குழலில் போகவில்லை என்று உறுதி செய்யாமல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். தானியம் தின்று வயிறு புளித்த மாட்டுக்கு முதலில் புளிப்பை மாற்றுங்கள். இல்லையேல் ஊற்றியது அத்தனையும் அந்த அமிலத்திலேயே மடியும்.

ஜோன்ஸின் விடையோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இந்தோனேசியாவில் சவுண்டல் மட்டுமே தின்னும் பாலி மாடுகளின் சிறுநீரில் டி.ஹெச்.பி. ஏராளமாக வந்தும் அவை நலமாக வளர்வதைப் பின்னாளில் ஷெல்டன் குழுவினர் கண்டார்கள். அங்கே ஈரல் அந்த நஞ்சை வேறொரு பொருளோடு பிணைத்து, தீங்கற்றதாக்கி வெளியேற்றுகிறது. சிறுநீரில் டி.ஹெச்.பி. இருந்தாலே நஞ்சு ஏறிவிட்டது என்று இனி எழுத முடியாது. பிணைந்தது எவ்வளவு, பிணையாதது எவ்வளவு என்று பிரித்து அளக்க வேண்டும்.