நெட்பால் ஆடும் பெண்களை ரக்பிக்கு இழுத்தது எப்படி? குணத்தை அளக்க முடியுமா?

[திரையில்: நியூசிலாந்து வரைபடம்]

2009 அக்டோபரில் கோபன்ஹேகனில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, அணிக்கு 7 பேர் ஆடும் எழுவர் ரக்பியை 2016 ரியோ ஒலிம்பிக்கில் சேர்க்க முடிவெடுத்தது. நியூசிலாந்தில் ஆண்கள் அணிக்கு ஆள் பஞ்சமே கிடையாது. பெண்கள் பக்கம் நிலைமை வேறு. அந்த ஊர்ப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் அதிகம் ஆடுவது நெட்பால், கூடைப்பந்து போன்ற ஆட்டம், ஆனால் பந்தோடு ஓடக் கூடாது. வேகமான கால்களும் பந்தை விடாத கைகளும் அந்தப் பக்கம்தான் இருந்தன.

அதனால் 2012-ல் அந்நாட்டு ரக்பி சங்கம் 'கோ ஃபார் கோல்ட்' என்று ஒரு திறமை வேட்டையை நடத்தியது. 800-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். ரக்பிப் பயிற்சிகள், உடல் தகுதி, குணம் என்று மூன்றையும் சோதித்தார்கள். முதல் இரண்டுக்கு ஸ்டாப்வாட்ச் போதும். மூன்றாவதுதான் வில்லங்கம்.

[திரையில்: மைதானம் மேலிருந்து, பக்கத்துக்கு 7 புள்ளிகள்]

15 பேர் ஆடும் அதே மைதானத்தில் இங்கே 7 பேர்தான். பாதிக்கு 7 நிமிடம், நடுவே 2 நிமிட இடைவேளை. டேக்கிள் செய்து, அதாவது பந்தோடு ஓடும் எதிராளியைப் பிடித்து வீழ்த்தி, தானும் கீழே விழுந்தவர் அவரை விட்டுவிட்டு விலக வேண்டும். எழுந்து நின்ற பிறகுதான் பந்தில் கை வைக்கலாம். டேக்கிள் செய்தவர் தரையில் கிடக்கும் 3 விநாடியும் தற்காப்பில் 6 பேர்தான், ஓரத்தில் ஒரு பெரிய ஓட்டை. ஆகவே விழுந்ததும் சட்டென்று எழுவது என்பது சுவரொட்டியில் போடும் வாசகம் அல்ல, கணக்கு. குணத்தை அளக்க வேண்டுமானால் அங்கேதான் தொடங்க வேண்டும்.

[திரையில்: 20, 40, 60 மீட்டரில் கோன்கள்]

நியூசிலாந்து அணிகள் பயன்படுத்தும் 'பிராங்கோ' ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் போய்த் திரும்பணும், பிறகு 40, பிறகு 60. ஒரு சுற்று 240 மீட்டர். நிறுத்தாமல் 5 சுற்று, மொத்தம் 1,200 மீட்டர். நேரம் உடல் தகுதியைக் காட்டும். கோட்டருகே நின்று பார்ப்பவருக்கு வேறொன்று தெரியும்: நாலாவது சுற்றில் கால் கோட்டைத் தொடுகிறதா, அரையடி முன்னாலேயே திரும்பிவிடுகிறதா? திரும்பினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், சத்தம் போட வேண்டாம்.

அடுத்து, ஒரே ஒரு திருத்தம் சொல்லிப் பாருங்கள். "பாஸ் கொடுத்த பிறகு நிற்காதே, பின்னாலேயே ஓடு." பத்து நிமிடம் கழித்து, யாரும் ஞாபகப்படுத்தாமல் அது ஆட்டத்தில் வருகிறதா? வந்தால் அவருக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கலாம்.

தேர்வாளர்கள் அடிக்கடி ஏமாறுவது சத்தத்தில். மைதானத்தில் உரக்கக் கத்துபவரைத் தலைமைப் பண்பு உள்ளவர் என்று எழுதிவிடுவார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. 'குணம் சரியில்லை' என்ற ஒரு வரியை வைத்து, தனக்குப் பிடிக்காத யாரையும் வெளியேற்றிவிடலாம். எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்து, இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாத தேர்வில் குணம் என்ற சொல்லையே எடுத்துவிடலாம்.

[திரையில்: நெட்பால் வீராங்கனை துள்ளிப் பந்தைப் பிடிக்கிறார்]

நெட்பாலிலிருந்து வருபவர் கொண்டுவரும் பெரிய சொத்து, உயரத்தில் பந்தைப் பிடிக்கும் கை. எழுவர் ரக்பியில் புள்ளி எடுத்த அணியே மறுபடி உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும். அந்தப் பந்தை எகிறிப் பிடித்துவிட்டால் எதிரணிக்குப் பந்தே கிடைக்காது.

ஆனால் பழக்கதோஷமும் கூடவே வரும். நெட்பாலில் பந்து வந்ததும் நிற்க வேண்டும், 3 விநாடிக்குள் விட வேண்டும், எதிராளி 0.9 மீட்டர் தள்ளித்தான் நிற்பார். ரக்பியில் அப்படி நின்றால் அடி விழும். கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிடுவது நெட்பாலில் நல்ல தற்காப்பு. இங்கே வேண்டுமென்றே முன்னால் தட்டினால் பெனால்டி, சில சமயம் மஞ்சள் அட்டை, 2 நிமிடம் வெளியே. 14 நிமிட ஆட்டத்தில் 2 நிமிடம்! நார்தர்ன் மிஸ்டிக்ஸ் நெட்பால் அணியிலிருந்து வந்து உலகின் முன்னணி வீராங்கனையான போர்ஷியா வுட்மனே ரியோ இறுதியில் மஞ்சள் அட்டை வாங்கினார். ஆஸ்திரேலியா 24-17 என்று தங்கத்தைக் கொண்டுபோனது.

[திரையில்: டேக்கிள், மெதுவாக ஓடும் காட்சி]

புதியவர்கள் அதிகம் கழன்றுகொள்வது முழு மோதல் தொடங்கும் வாரத்தில். வலியைவிட, எங்கே தலையை வைப்பது என்று தெரியாத பயம்தான் காரணம். முதலில் இருவரும் முழங்காலிட்டு, பிறகு ஒருவர் மட்டும், பிறகு நின்று, நடந்து, மெல்ல ஓடி என்று படிப்படியாகப் போக வேண்டும். தோள் இடுப்புக்குக் கீழே தொடையில் பட வேண்டும். தலை எதிராளியின் பின்பக்கம் இருக்க வேண்டும். தலை முன்பக்கம் போனால் முழங்காலோ இடுப்பெலும்போ நேராக மண்டையில் மோதும். தூரத்தில் காலை ஊன்றிக் கையை மட்டும் நீட்டுவது அடுத்த தவறு. எதிராளிக்குப் பக்கத்தில் கால் போனால்தான் தோள் சேரும். கண்ணை மூடுகிறவரை ஒரு படி கீழே இறக்குங்கள், திட்டாதீர்கள். பயப்படுகிறவரைக் கோழை என்று எழுதினால், பந்து பிடிப்பதில் உங்களிடமிருந்த ஆகச் சிறந்த ஆளை நீங்களே வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள்.

முதல் இரண்டு வாரம், வீழ்த்தாமல் கையால் தொட்டாலே போதும் என்ற டச் ரக்பி மட்டும் ஆடவிடுவது நல்லது. பெற்றோர் வந்து பார்க்கட்டும்.

வந்தவர் தங்குவாரா என்பது தனிப் பிரச்சினை. கூடைப்பந்திலிருந்து வந்த ஆஸ்திரேலியாவின் குளோயி டால்டன் ரியோவில் தங்கம் வென்றார், அதன் பிறகு ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்துக்குப் போய்விட்டார். ஒரு விளையாட்டை விட்டு வரத் துணிந்தவருக்கு இன்னொன்றுக்குப் போவதும் எளிது. ஒப்பந்தம், சம்பளம், படிப்புக்கு நேரம் எல்லாம் சேரும் நாளிலேயே பேசித் தீர்க்க வேண்டியவை. நியூசிலாந்து தன் ஆட்களைக் கையில் வைத்திருந்தது. டோக்கியோவிலும் 2024 பாரிஸிலும் தங்கம் வென்ற அணியில் வுட்மன் இருந்தார்.