மாறுதல் உத்தரவும் ஒரு பனங்கொட்டையும்

(கால்டுவெல் நினைவு நாளில், தேரிக்காட்டு ஊர் ஒன்றின் ஆலய வளாகத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சேகரகுரு ஐயா அவர்களே, தமக்கு இன்று இரண்டு கலியாண வீடுகள் இருந்தும் நமக்காக வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வரவேற்புரை ஆற்றிய தலைமையாசிரியர் அவர்களே, மூத்த உபதேசியார் ஐயா அவர்களே, பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகளே, பனையேறும் பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லாருக்கும் என் வணக்கம். பனையேறும் பெரியவர்களைத் தனியாகச் சொல்லி வணங்குவதற்குக் காரணம் இருக்கிறது. எந்த மேடையில் பேசினாலும் நான் அப்படித்தான் சொல்வேன். தலைவர் அம்மா போன மாதம் குளத்தங்கரை முள்மரங்களை அகற்றித் தந்தார்கள். அதற்கு இந்த மேடையிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். அந்தக் கரையைப் பற்றி அப்புறம் பேசவேண்டியிருக்கிறது.

இன்றைக்கு மூன்று விஷயம் பேச நினைத்து வந்தேன். ஒன்று, பிஷப் கால்டுவெல் இளைஞராக, மிஷனெரியாக இந்த மண்ணுக்கு வந்த கதை. இரண்டு, அவர் மனைவி எலைசா அம்மையாரின் பணி. மூன்று, ஜி. யு. போப் சாயர்புரத்தில் செய்த வேலை. ஆனால் மேடையேறும் முன் ஒரு தம்பியைப் பார்த்தேன். நம் ஊர்ப் பிள்ளை. வடக்கே மலைநாட்டுக் கிராமம் ஒன்றில் நாலு வருஷமாக மிஷனெரியாக இருக்கிறார். விடுமுறைக்கு வந்த இடத்தில் கையில் கடிதம் வந்துவிட்டது. இடம் மாற்றம். வேறு மாநிலம், வேறு மொழி. "இப்பதான் ஐயா அவங்க பேச்சு எனக்குச் சரியா வர ஆரம்பிச்சுது" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தத் தம்பிக்காகவே இன்று பேசுகிறேன். மற்றவர்கள் கூடக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துப் பழமொழி ஒன்று உண்டு. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான். தென்னை அஞ்சாறு வருஷத்தில் காய்த்துவிடும். பனை பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும், இருபதும் ஆகலாம். வைத்தவனுக்கு நிழலைப் பார்க்கிற பாக்கியம் மட்டும்தான். இந்தப் பழமொழியை இன்று நாலு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால்டுவெல் 1814இல் அயர்லாந்தில், ஆன்ட்ரிம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். வளர்ந்தது கிளாஸ்கோவில். பையனாக இருக்கும்போது டப்ளினில் ஓவியம் படித்தார். அப்புறம் மனம் மாறி லண்டன் மிஷனெரி சங்கத்தில் சேர்ந்தார், பல்கலைக்கழகத்தில் படித்தார், கப்பல் ஏறினார். நாலு மாதத்துக்கு மேல் கடலில். 1838 ஜனவரியில் சென்னையில் இறங்கும்போது வயது இருபத்து மூன்று. இந்தத் தம்பியின் வயதுதான்.

சென்னையில் மூன்றரை வருஷம். தமிழ் படித்தார். கோட்டை, துறைமுகம், அச்சுக்கூடம், புத்தகம், பேச்சுத்துணைக்குப் படித்தவர்கள், ஊருக்குக் கடிதம் போட்டால் போய்ச்சேரும் வசதி எல்லாம் அங்கே இருந்தன. அதையெல்லாம் விட்டார். தம்மை அனுப்பிய சங்கத்தையும் விட்டார். 1841இல் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு மாறி அதன் மிஷனெரி சங்கமான எஸ்.பி.ஜி.யில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த இடம் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் செம்மணல் பறக்கும் இடையன்குடி.

எப்படிப் போனார்? நடந்து போனார். சிதம்பரம், மாயவரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று ஊர் ஊராக நடந்தார். நீலகிரி ஏறினார். உதகமண்டலத்தில் பிஷப் ஸ்பென்சர் கையால் குருப்பட்டம் பெற்றார். இறங்கி மறுபடியும் தெற்கே நடந்தார். மக்களைப் பார்க்கவேண்டும், அவர்கள் பேசுகிற பேச்சைக் காதால் கேட்கவேண்டும் என்பதற்காக நடந்தார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதி, இந்த மொழிகள் தனிக்குடும்பம் என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டினாரே, அதற்கான விதையில் கொஞ்சம் அந்த நடையிலும் விழுந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாறுதல் வந்ததும் ரயிலேறி ஒரே ராத்திரியில் போய்விடுகிறோம் இப்போது. நடுவில் உள்ள ஊர்களை நாம் பார்ப்பதே இல்லை.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டும். பெரிய மனிதர் கதைக்கு நடுவே என் கதை எதற்கு என்று கேட்காதீர்கள்.

1978. எனக்கு இருபத்து நாலு வயது. ஆற்றங்கரை ஊரில் பிறந்து, வாழையும் வயலுமாகப் பார்த்து வளர்ந்தவன். டவுன் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் வேலை. திடீரென்று மாறுதல், தேரி நடுவே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு. பஸ் ஒரு விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. பங்குனி மாத உச்சிவெயில். தலையில் டிரங்குப் பெட்டி, கையில் படுக்கைச் சுருணை. செம்மணலில் கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகிறது. பாதி தூரத்தில் செருப்பு வார் அறுந்தது. சூடு தாங்காமல் ஒரு பனை நிழலுக்கு ஓடினேன். பனை நிழல் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டு நிழலில் பெட்டியை வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதேன். சட்டைப் பையில் ஒரு மனு இருந்தது. "என் தாயாருக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால்" என்று முதல்நாள் ராத்திரியே எழுதி வைத்த மாறுதல் மனு. தாயார் நன்றாகத்தான் இருந்தார்கள்.

மேலே இருந்து ஒரு குரல். "யாரு அது, எந்த ஊருக்குப் போவணும்?" அண்ணாந்து பார்த்தேன். ஒரு தாத்தா இறங்கி வருகிறார். கால்களில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, கலயம். எழுபது வயது இருக்கும். இறங்கினவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு குருத்தோலையை வளைத்துப் பட்டை பிடித்தார், பதநீரை ஊற்றினார். குடித்தேன். இன்னொன்று ஊற்றினார். குடித்தேன். மூன்றாவதும் குடித்தேன். காசு எடுக்கப் பைக்குள் கையை விட்டால் மனுவும் சேர்ந்து வெளியே வருகிறது. தாத்தா காசை வாங்கவில்லை. "வாத்தியாரய்யாவா?" என்றார். ஆமாம் என்றேன். "போன வாத்தியாரு மூணு மாசம் இருந்தாரு. அதுக்கு முந்தினவரு ஒரு மாசம். நீங்க எத்தனை மாசம்?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. அவர் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார்.

அந்த மனுவை நான் அனுப்பவில்லை. ஒன்பது வருஷம் அங்கே இருந்தேன். தாத்தா வீட்டு விடிலியில், அதுதான் பதநீர் காய்ச்சும் குடிசையில், உட்கார்ந்து, கருப்பட்டி காய்ச்சும் வாசனையில் எத்தனையோ இரவு விடைத்தாள் திருத்தினேன். ஆவணி பிறந்தால் தாத்தா பனங்கொட்டைகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வார். போகிற வழியெல்லாம் குதிகாலால் மணலைத் தள்ளி ஒன்றைப் போட்டு மூடுவார். "தாத்தா, இது பாளை விடும்போது..." என்று ஆரம்பித்து நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர்தான் முடித்தார். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் ஐயா, பார்த்தால் போதாதா என்றார். நான் புத்தகத்தில் படித்த பழமொழியை ஒரு மனிதர் வாழ்ந்துகொண்டிருந்தார். எனக்கு அடுத்த மாறுதல் வந்தபோது அந்தக் கொட்டைகள் வடலியாகி என் தோளுக்கு நின்றன. பஸ் விலக்கு வரைக்கும் ஊரே வந்தது. வரும்போது அழுத நான் போகும்போதும் அழுதேன்.

2004இல் அந்த ஊருக்கு மறுபடி போனேன். தாத்தா எப்போதோ போய்விட்டார். அவர் குதிகாலால் தள்ளிப்போட்ட வரிசை இல்லை. செங்கல் சூளைக்கு வெட்டிப் போய்விட்டது. பாளை விடுகிற வயதில் நின்ற மரங்கள். அடிக்கட்டைகளை எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது. அன்றைக்குத்தான் நான் இந்தப் பனைப் பேச்சை ஆரம்பித்தேன். இருபது வருஷமாகப் பேசுகிறேன்.

சரி, இடையன்குடிக்கு வருவோம். கால்டுவெல் போன ஊரில் வயல் இல்லை, வாய்க்கால் இல்லை. பனையும் மணலும்தான். சனங்களின் பிழைப்பு முழுக்கப் பனை மேலே இருந்தது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மரம், காலையும் மாலையும் ஏறி இறங்கும் வேலை. அந்தச் சனங்களோடு அவர் ஐம்பது வருஷம் வாழ்ந்தார். தெருக்களை நேராக அமைத்தார், கிணறு வெட்டினார், மரம் வைத்தார், பள்ளிக்கூடம் கட்டினார். 1844இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவில் மால்ட் மிஷனெரியின் மகள். தமிழ்நாட்டுத் தென்கோடியில் வளர்ந்த அந்த அம்மாளுக்கு வீட்டுப் பெண்கள் பேசும் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களைப் பற்றியே ஒரு நாள் பேசவேண்டும், சேகரகுரு ஐயா தேதி கொடுத்தால் வருகிறேன்.

ஒன்றை மறைக்கக்கூடாது. 1849இல் கால்டுவெல் வெளியிட்ட ஒரு சிறு நூல் இந்தப் பனையேறும் மக்களை மிகவும் புண்படுத்தியது. அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது நியாயம். அன்பு இருந்தாலும் மேலே நின்று பார்க்கும் பார்வை தவறு செய்யும். தம்பி, நீங்கள் போகும் ஊர்ச் சனங்களைப் பற்றி எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அறிக்கைக்காக அவர்களைச் சின்னவர்களாக எழுதாதீர்கள்.

இடையன்குடி ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். வேலை தொடங்கியது 1847இல், பிரதிஷ்டை 1880இல். முப்பத்து மூன்று வருஷம். இளைஞராக ஆரம்பித்தவர் பிஷப்பாகி, அறுபத்தாறு வயதில் முடித்தார். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது அவருக்கும் பொருந்தியது, அவர் பார்த்துவிட்டார். 1891 ஆகஸ்ட் 28இல் கொடைக்கானலில் கண்மூடினார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

தம்பி, ஐம்பது வருஷம் ஒரே இடத்தில் இருக்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாலே வருஷம். ஆனால் பனங்கொட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? மண்ணில் போட்டால் அது முதலில் மேலே வராது. கீழே போகும். மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. போட்டவன் ஊர் மாறிப் போயிருப்பான். அப்புறம்தான் ஓலை எட்டிப்பார்க்கும். நீங்கள் அந்த மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது கீழே போய்க்கொண்டிருக்கிறது. வேர் விட்ட பனையைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் பிழைப்பது அபூர்வம். உங்களைப் பிடுங்கி நட்டால் பிழைப்பீர்கள், எனக்குத் தெரியும், நான் பிழைத்தேன். புது இடத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்த ஊர்த் தாத்தா ஒருவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைமையாசிரியர் கடிகாரத்தைக் காட்டுகிறார். போப் ஐயரை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். குளத்தங்கரை விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பனை நம் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. நம் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் ஏற ஆளில்லை, வைக்க ஆளில்லை. பனையேறிகளின் பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். விழுந்தால் முதுகெலும்பு போகிற வேலையைக் குறைந்த கூலிக்கு யார் செய்வார்கள்? ஏறுகிறவருக்குக் காப்பீடும் கருப்பட்டிக்கு நியாய விலையும் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வாசலில் மேசைமேல் இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போடுங்கள். தலைவர் அம்மாவும் முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கு மறுபடியும் நன்றி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவேண்டாம். பனம்பழம் விழுகிற காலம் இது. ஆளுக்குப் பத்துக் கொட்டை கொண்டுவாருங்கள். குளத்தங்கரையில் பத்தடிக்கு ஒன்றாக, ஒரு சாண் ஆழத்தில் போடுவோம். ஐப்பசி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தம்பி திங்கட்கிழமைதான் ரயில் ஏறுகிறார், முதல் கொட்டையை அவர் கையால் போடச் சொல்லியிருக்கிறேன். மண்வெட்டி இருப்பவர்கள் மறக்காமல் எடுத்துவாருங்கள், போன தடவை இரண்டுதான் இருந்தது.