வளர்ச்சியே! வளர்ச்சியே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "பாண்டி பஜாரை நடப்போருக்கு விட்டது வளர்ச்சியா, தளர்ச்சியா?" வளர்ச்சியேன்னு பேச வந்திருக்கேன். 2019 நவம்பர்ல, சென்னை தி.நகர்ல பாண்டி பஜார் இருக்கிற தியாகராய ரோட்டுல வண்டிக்கான இடத்தைக் குறைச்சு, ரெண்டு பக்கமும் நடைபாதையை அகலமாக்கித் திறந்தாங்க. தலைப்பு முடிஞ்சுது. இனி எதிரணி அண்ணன்கிட்ட வர்றேன்.

அண்ணன் என்ன சொன்னார்? "கார்ல வர்றவன் பட்டு வாங்குவான், நடந்து வர்றவன் சுண்டல் வாங்குவான்." நீங்களும் கை தட்டினீங்க. தட்டினதுல பாதி, சுண்டல் வாங்குற கை!

சரி, கார்ல வர்றவரையே எடுத்துக்குவோம். வீட்டம்மா கடை வாசல்ல இறங்கிட்டாங்க. "நிறுத்திட்டு வந்துடறேன்"னு வீட்டுக்காரர் கிளம்பினார். பனகல் பார்க் ஒரு சுத்து. இடமில்லை. ரெண்டாவது சுத்து. உள்ளே அரக்கு கலர் எடுத்து வச்சாச்சு. மூணாவது சுத்து. அரக்கு வேணாம், மயில்கழுத்து. நவக்கிரகத்துக்கே ஒன்பது சுத்துதான் நடுவரே! ஒருவழியா இடம் கிடைச்சு, வேர்க்க விறுவிறுக்க ஓடி வர்றார். அம்மா பில் போட்டுட்டு வாசல்ல நிக்கிறாங்க: "வண்டி எங்கே?" அண்ணே, உங்க பட்டு வாடிக்கையாளர் ஒரு கைக்குட்டை வாங்கினாரா? சுண்டலாவது வாங்கினாரா?

அவருக்கு வாசல்லயே இடம் கொடுத்தா? கார் நிறுத்த 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம் வேணும். சின்னக் கடைக்கு மொத்த வாசலே அவ்வளவுதான். ரெண்டு மணி நேரம் ஒரே குடும்பம் அடைச்சுக்கிட்டா, கண்ணாடிக்குள்ள யார் எட்டிப் பார்ப்பா? மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்குற கூட்டத்துக்காக 2023-ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆகாய நடைபாதையே போட்டாச்சு. அவங்க எல்லாரும் சுண்டலுக்கா வர்றாங்க? வந்தாலும் தப்பில்லை. தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்து, விற்பனைச் சான்று கொடுக்காம சுண்டல்காரரைக் கிளப்பக் கூடாதுன்னு 2014-லயே சட்டம் இருக்கு.

"நடைபாதையில ஸ்கூட்டர் ஏறுதே?" ஏறுது. வண்டியைத் தடுக்க நடுற குட்டைத் தூண்களுக்கு நடுவே 90 சென்டிமீட்டராவது விட்டாத்தான் சக்கர நாற்காலி போகும். அதே சந்துல ஸ்கூட்டரும் நுழையும். நெருக்கி நட்டா நாற்காலி வெளியே நின்னுடும். அதனால தூணை நம்பிப் பயனில்லை. ஆள் நிறுத்தி அபராதம் போடணும்.

கடைசியா ஒண்ணு. நடைபாதைக் கல் 15 சென்டிமீட்டர் உயரம். உங்களுக்கும் எனக்கும் ஒரு எட்டு. முட்டி தேஞ்ச பாட்டிக்கு அது மலை. 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்னு சரிவு வச்சா 180 சென்டிமீட்டர் நீளம் போதும். அந்தச் சரிவு இல்லாத தெருவுல எத்தனை பாட்டிங்க "நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்"னு சொல்லியிருப்பாங்க? பேத்தியோட முகூர்த்தப் புடவையைத் தொட்டுப் பார்க்காம, போன்ல போட்டோவா பார்த்திருப்பாங்க?

மணி அடிச்சுட்டாங்க. பாட்டி வண்டியிலேயே இருக்கட்டும்னு அண்ணன் இந்த மேடையில வந்து சொல்லட்டும். சொல்லிட்டார்னா, தீர்ப்பை அவருக்கே கொடுத்துடுங்க நடுவரே!